ஒரே சட்டிக் கறி, இரண்டு மூட்டு வருத்தம்: கொட்டாஞ்சேனைக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொழும்பு வடக்கில் சின்னதொரு குடும்ப மருத்துவ நிலையம் நடத்துகிறேன். மூட்டு நோவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "டொக்டர், எந்தச் சாப்பாட்டை விட வேணும்?" என்பதுதான். அந்தக் கேள்வி ஒரே வீட்டில் இருவரை எப்படி வெவ்வேறு விதமாகப் பாதித்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

கணவருக்கு அப்போது 46 வயது. பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். மனைவிக்கு 43, யாழ்ப்பாணத்துப் பக்கம். கணவரின் அம்மாவும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகளும் கூடவே இருக்கிறார்கள். நாலு பேருக்கும் ஒரே சமையல்.

2023 ஏப்ரலில் கணவரின் வலது கால் பெருவிரல் அடியில் இரவோடு இரவாக வீங்கிச் சிவந்தது. கடையில் கம்பி விழுந்திருக்கும் என்று நினைத்தார்கள். வேறொரு இடத்தில் காட்டி, கிருமித் தொற்று என்று மருந்து எடுத்தார். இரத்தத்தில் யூரிக் அசிட் 5.8 என்று வந்ததால் "கவுட் இல்லை" என்று விட்டுவிட்டார்கள். கவுட் என்பது யூரிக் அசிட் மூட்டில் படிந்து வருகிற வாதம். பத்து நாளில் தானாகவே வற்றிவிட்டது. 2024 மே மாதம் அதே விரலில் அதே மாதிரி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை யாரோ கவுட் என்று சொல்லி, போட்டோகொப்பி எடுத்த அரைத்தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பிறகு நான் பார்த்தேன். பருப்பு, கடலை, பயறு, கீரை, காளான், தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, புளி எல்லாம் "தவிர்க்கவும்". இறைச்சியும் மீனும் "குறைக்கவும்". இனிப்புச் சோடாவையும் பியரையும் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

வீட்டார் அதை குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, சொன்னபடியே செய்தார்கள். பருப்புக் கறி நின்றது. ஆனால் சோற்றுக்கு ஏதாவது வேண்டுமே? பருப்பு இருந்த இடத்தை நெத்தலிப் பொரியலும் சாளை மீன் குழம்பும் பிடித்துக்கொண்டன. மீன் "குறைக்கவும்" பட்டியலில்தானே இருக்கிறது, "தவிர்க்கவும்" பட்டியலில் இல்லையே என்பது அவர்களுடைய கணக்கு. பிழை சொல்ல முடியாத கணக்கு.

2024 நவம்பர்: மூன்றாவது தாக்கம்

ஒக்டோபர் 31 தீபாவளி. ஆட்டிறைச்சி, மாலையில் நண்பர்களோடு பியர். நவம்பர் 2 கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. அவர் இளவயதிலிருந்தே ஆறு நாளும் கடுமையாக விரதம் இருப்பவர். பகலெல்லாம் ஒன்றுமில்லை, இரவில் கொஞ்சம் பாலும் ஒரு வாழைப்பழமும் மட்டும். கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை.

நவம்பர் 7, சூரன் போர் நாள். விடியப்புறம் மூன்று மணிக்குப் பெருவிரல் நெருப்பாகக் கொதித்து எழுந்திருக்கிறார். போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போக வேண்டிய மனிதரை மகளும் மனைவியும் ஆட்டோவில் ஏற்றி என்னிடம் கொண்டுவந்தார்கள். அம்மா வாசலிலேயே கேட்டார்: "ஒரு கிழமையா மச்சம் மாமிசம் ஒண்டும் இல்லை டொக்டர். பருப்பும் இல்லை. அப்ப எந்தச் சாப்பாடு செய்தது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டியிருந்தது.

பார்த்தது, யோசித்தது

காய்ச்சல் இல்லை, தோலில் காயம் இல்லை. வீக்கம் பெருவிரல் அடி மூட்டைச் சுற்றி மட்டும். முன்பும் இரண்டு தடவை அதே இடம். மூட்டுக்குள் கிருமித் தொற்று இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கவுட் என்ற முடிவுக்கு வந்தேன். யூரிக் அசிட் அன்று 6.4 தான். தாக்கம் நடக்கிற நாட்களில் இந்த எண் இறங்கி, சாதாரணம் போலத் தெரிவதுண்டு. 2023 இல் எல்லாரையும் ஏமாற்றியதும் அதுதான். மூன்று கிழமை கழித்து, நோ முழுக்க அடங்கிய பின் மீண்டும் பார்த்தபோது 9.1.

அம்மாவுக்கு நான் விளக்கிய விதம் இது. தேத்தண்ணியில் கரையக்கூடிய அளவுக்கு மேல் சீனி போட்டால் மிச்சம் அடியில் தங்கும். யூரிக் அசிட்டும் அப்படித்தான். இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி போன்ற பளிங்குகளாகப் படியத் தொடங்கும். குளிர்ந்த இடத்தில் இன்னும் சுலபமாகப் படியும், அதனால்தான் கால் விரல். உடலில் உள்ள யூரிக் அசிட்டில் சாப்பாட்டிலிருந்து வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. மற்ற இரண்டு பங்கும் நம் கலங்களிலேயே உண்டாவது. அதை வெளியேற்றுகிற பெரிய வேலையைச் சிறுநீரகம் செய்கிறது. பட்டினி கிடக்கும்போது உடல் கொழுப்பை எரித்துக் கீற்றோன்களை உண்டாக்கும். அவை கூடினால் சிறுநீரகம் யூரிக் அசிட்டை வெளியேற்றுவது குறையும். தண்ணீரும் குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆகவே சாப்பிட்டாலும் தாக்கம் வரலாம், சாப்பிடாமல் விட்டாலும் வரலாம்.

"அப்ப விரதமே இருக்கக் கூடாதோ?" என்று அவர் கேட்டார். கண் கலங்கியிருந்தது. அதை அடுத்த வருடம் பேசுவோம், இப்போதைக்கு வீக்கத்தை அடக்குவோம் என்றேன்.

இன்னொரு விஷயம். அவருடைய கிளினிக் கொப்பியைப் புரட்டியபோது, 2021 முதல் பிரஷருக்காக ஹைட்ரோகுளோரோதயசைட் குளிசை எடுத்துவருவது தெரிந்தது. பிரஷருக்கு நல்ல மருந்துதான், ஆனால் யூரிக் அசிட்டை ஏற்றிவிடும். அதை முதலில் எழுதியது நானில்லை. ஆனாலும் 2024 இல் இரண்டு தடவை அந்தக் கொப்பியைப் பார்த்து நானும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கால் விரலைப் பற்றி அப்போது நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

எடுத்த முடிவுகள்

உடனடித் தாக்கத்துக்குக் குறைந்த அளவில் கொல்கிசின். பிரஷர் குளிசையை லொசார்டானுக்கு மாற்றினேன். அது யூரிக் அசிட்டைச் சற்றுக் குறைக்கவும் செய்யும்.

ஒரே வருடத்தில் இரண்டு தாக்கங்கள் வந்துவிட்டதால் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டோடு மட்டும் நிற்பது சரியில்லை என்று தீர்மானித்தேன். கட்டுப்பாடு எவ்வளவு கடுமையானாலும் அந்த எண் சாதாரணமாக ஒரு புள்ளி அளவுக்கே இறங்கும். 9.1 இலிருந்து 6 க்குக் கீழே கொண்டுவர அது போதாது. டிசம்பர் முதல் கிழமை, யூரிக் அசிட்டைக் குறைக்கிற அலோபியூரினோல் குளிசையை 100 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் மாதங்களில் தாக்கம் வராமலிருக்கத் தினமும் 0.5 மில்லிகிராம் கொல்கிசின். தோலில் பருக்கள், தடிப்பு ஏதாவது தெரிந்தால் அலோபியூரினோலை உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னேன். அபூர்வமாக வந்தாலும் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அது.

சாப்பாட்டு விஷயத்தில் அந்த அரைத்தாளைக் கழற்றச் சொன்னேன். பருப்பையும் கீரையையும் திரும்பக் கொண்டுவரச் சொன்னபோது ஒருவருக்கும் நம்பிக்கை வரவில்லை. பருப்பில் பியூரின் இருக்கிறது, அது யூரிக் அசிட்டாக மாறுவதும் உண்மை. ஆனால் 2004 இல் அமெரிக்காவில் 47,000 க்கும் மேற்பட்ட ஆண்களை 12 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், பியூரின் கூடிய மரக்கறிகள் கவுட் ஆபத்தைக் கூட்டவில்லை. இறைச்சி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு ஆபத்து 41 சதவீதமும், கடலுணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு 51 சதவீதமும் கூடியிருந்தது. பால், தயிர் எடுத்தவர்களுக்குக் குறைந்திருந்தது. அதே குழுவினரை வைத்து 2008 இல் வந்த இன்னொரு ஆய்வு, தினமும் இரண்டு அல்லது அதற்கு மேல் இனிப்புச் சோடா குடித்தவர்களுக்கு 85 சதவீதம் கூடுதல் ஆபத்தைக் காட்டியது. சீனியில் பாதி புரக்டோஸ். அது ஈரலில் உடைகிற வழியிலேயே யூரிக் அசிட் உண்டாகிறது. நம் ஆள் கடையில் தண்ணீருக்குப் பதிலாக நாளொன்றுக்கு மூன்று போத்தல் சோடா குடித்துவந்தவர். "பருப்பை விட்டனான், இறைச்சியைக் குறைச்சனான்" என்று நேர்மையாகச் சொன்னவர், சோடாவைச் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கடைசியாக, மகளிடம் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி எழுதச் சொன்னேன்: காலை, மதியம், இரவு என்ன சாப்பாடு, என்ன குடித்தார், எவ்வளவு தண்ணீர், கால் எப்படி. பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற அதே ஒழுங்கோடு எழுதினாள். அந்தக் கொப்பிதான் இந்த ஆய்வைத் திருப்பிவிட்டது, நான் எதிர்பார்த்த திசையில் இல்லை.

கொப்பி சொன்னது

டிசம்பர் முழுக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கடைக் கணக்கெடுப்பு நடந்த இரண்டு நாளில் "தண்ணீர் – 2 கப், சோடா – 4" என்று இருந்தது. அடுத்த நாள் "விரல் குத்துது". தை பிறந்த பிறகு வந்த முதல் கலியாண வீட்டு விருந்தில் நண்டு, இறால், பியர். இரண்டாம் நாள், ஜனவரி 21, தாக்கம்.

அம்மா குளிசையைத்தான் குற்றம் சொன்னார். "இது துவங்கின பிறகுதானே வந்தது." அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அலோபியூரினோல் யூரிக் அசிட்டை இறக்கும்போது பழைய படிவுகள் கரைந்து அசைவதால் முதல் மாதங்களில் தாக்கம் வருவது வழக்கம். விருந்தும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒன்று வரலாம் என்று நான் முதலே சொல்லிவைக்காதது என் பிழை. அவர் குளிசையை நான்கு நாள் நிறுத்திவிட்டார். திரும்பத் தொடங்க வைக்க ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது.

இந்தக் கொப்பியை வைத்துப் பருப்பு குற்றமற்றது என்று நிரூபித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. மருந்தும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. பருப்பைத் தொடங்கச் சொன்னதற்கான காரணம் முன்னே சொன்ன ஆய்வு. தினமும் பருப்பு சாப்பிட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதை வீட்டார் கண்ணால் கண்டதுதான் கொப்பியின் பலன்.

பெப்ரவரி முதல் கிழமை பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் "சொதி" என்று மட்டும் எழுதியிருந்த இடத்தில் ஜனவரி நடுப்பகுதியிலிருந்து "சொதி (பைக்கற் பால் மா)" என்று வந்திருந்தது. அந்த மாவில் சீனி ஏதும் சேர்ந்திருக்குமோ என்ற எண்ணத்தில், ஏன் மாற்றினீர்கள் என்று மகளைக் கேட்டேன்.

"அம்மாவுக்குத் தேங்காய்ப்பால் பிழிய ஏலாது டொக்டர். விரல் மடங்குதில்லை."

மனைவி பக்கத்துக் கதிரையில் இருந்தார். கைகளை மடியில் வைத்து ஒன்றையொன்று தடவிக்கொண்டிருந்தார். நவம்பரிலிருந்து ஐந்து தடவை அதே கதிரையில் அதே மாதிரி அவர் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மனைவியின் கதை

2024 ஓகஸ்டிலிருந்தே இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் நோ. காலையில் எட்டு மணி வரைக்கும் விரல் விறைத்துக் கிடக்கும். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். திருவலையில் தேங்காய் திருவுவது ஒக்டோபரிலேயே நின்றுவிட்டது. மகள் திருவிக் கொடுக்க, இவர் பிழிந்தார். பிறகு அதுவும் முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவருக்குச் சாப்பாட்டால வந்தது தானே. எனக்கும் அதுதான் எண்டு நினைச்சன். கிரந்திச் சாப்பாடு எல்லாத்தையும் விட்டுட்டன்." நோயைக் கிளறிவிடும் என்று நம்பப்படுகிற சாப்பாட்டைத்தான் கிரந்தி என்பார்கள். கணவருக்கான தாளில் இருந்தவற்றோடு முட்டை, பால், மீன் ஆகியவற்றையும் தானாகவே விட்டிருக்கிறார். பருப்பு வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அவர் தொடவில்லை. ஆறு மாதமாகச் சோறும் ரசமும் இரண்டொரு மரக்கறியும்தான். 52 கிலோ இருந்தவர் 47 க்கு வந்திருந்தார்.

கைகளைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல்கள் உள்ளங்கையில் சேர்கிற மூட்டுகள் பஞ்சு போல வீங்கியிருந்தன. மணிக்கட்டும் அப்படித்தான். கையைக் குறுக்காக மெதுவாக அழுத்தியபோது முகம் சுருங்கியது. உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர் 72. முடக்குவாதத்தைக் காட்டிக்கொடுக்கும் அன்ரி சி.சி.பி என்ற இரத்தப் பரிசோதனை எண் மிகவும் கூடியிருந்தது. ஹீமோகுளோபின் 9.6. இது முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிற நோய். கவுட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்குவது முக்கியம், ஏனென்றால் தேய்ந்துபோன மூட்டு திரும்பி வராது. அந்த மாதங்களைக் கத்தரிக்காயும் தக்காளியும் விழுங்கிவிட்டன.

அன்றே அரசாங்க வாதநோய்க் கிளினிக்குக்குக் கடிதம் எழுதி, தொலைபேசியிலும் பேசினேன். மார்ச்சில் மெதொட்றெக்சேற் தொடங்கினார்கள். கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டிய மருந்து. தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அவர் செவ்வாயைத் தேர்ந்தெடுத்தார். வீட்டுக் கலண்டரில் எல்லாச் செவ்வாயையும் மகள் சிவப்பு மையால் வட்டமிட்டாள். கூடவே போலிக் அசிட், இரத்தப் பரிசோதனைகள்.

சாப்பாட்டை மீண்டும் கொண்டுவந்தது

முடக்குவாதத்தில் சாப்பாட்டுக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1991 இல் நோர்வேயில் நடந்த ஆய்வொன்றில், சில நாள் உபவாசமும் அதன் பின் ஒரு வருடச் சைவ உணவும் எடுத்தவர்களில் பலருக்கு நோ குறைந்தது. மீன் எண்ணெய் காலை விறைப்பைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் மூட்டு அரிப்பதை நிறுத்துவது மருந்துதான். கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு இந்த நோயைத் தூண்டும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதே நேரம் ஒருவர் தன் உடம்பில் உணர்ந்ததாகச் சொல்வதைத் தூக்கியெறியவும் கூடாது. ஆகவே சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தோம்.

மருந்து நன்றாகப் பிடித்த பிறகு, ஜூனில் தொடங்கினோம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உணவு, இரண்டு கிழமைக்கு. காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று எழுதுவது. முதலில் முட்டை: ஒன்றுமில்லை. பருப்பு: ஒன்றுமில்லை. கத்தரிக்காயில் முதல் கிழமை விறைப்பு 20 நிமிடத்திலிருந்து 45 க்கு ஏறியது. "பாருங்கோ டொக்டர்" என்றார். கொப்பியைப் பார்த்தால் அந்தக் கிழமை இரண்டு இரவு நித்திரையில்லை, மாமியாருக்குக் காய்ச்சல். நிறுத்தி, பத்து நாள் கழித்துத் திரும்பக் கத்தரிக்காய்: 20 நிமிடம். மூன்றாம் தடவையும் அதே. அன்று அவர் சிரித்ததை நான் மறக்கவில்லை. கத்தரிக்காய்ப் பால்கறியை ஒரு வருடமாக வாயில் வைக்காத யாழ்ப்பாணத்துப் பெண்.

சிக்கல் வந்தது மீனில்தான். சாளை, சூடை போன்ற சின்ன எண்ணெய் மீன்கள் மனைவிக்கு நல்லவை, ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தவை. அதே மீன்களில் பியூரினும் நிறைந்திருக்கிறது, கணவருக்கு ஆகாதவை. சட்டியோ ஒன்று. குழம்பைத் தனியே எடுத்துக் கணவருக்கு ஊற்றலாம் என்று அம்மா யோசனை சொன்னார். கொதிக்கும்போது பியூரினில் ஒரு பகுதி குழம்புக்குள் இறங்கும் என்பதால் அதுவும் சரிவராது என்று விளக்கினேன். கடைசியில் அம்மாவே முடிவு கட்டினார்: கிழமையில் இரண்டு நாள் மருமகளுக்குச் சாளை, அந்த நாட்களில் மகனுக்கு முட்டைக் குழம்பும் தயிரும்.

விளைவு

கணவரின் யூரிக் அசிட் பெப்ரவரியில் 7.4, அலோபியூரினோல் 300 மில்லிகிராமுக்கு வந்த பின் ஜூனில் 5.3. ஜனவரிக்குப் பிறகு தாக்கம் இல்லை. கடைக்கு இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோகிறார். சோடா ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எடை 88 இலிருந்து 83.

2025 கந்தசஷ்டி ஒக்டோபர் 22 தொடங்கியது. முழுப் பட்டினி வேண்டாம், தினமும் ஒரு நேரச் சாப்பாடு, பாலும் தயிரும் சேர்த்து, தண்ணீரை எந்தக் காரணத்துக்காகவும் குறைக்கக் கூடாது, குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது என்று ஒரு கிழமை முன்பே பேசிவைத்தோம். மனம் ஒப்பவில்லை என்றார். அம்மாதான், "முருகன் தண்ணி குடிச்சதுக்குக் கோவிக்க மாட்டார்" என்று முடித்துவைத்தார். 27 ஆம் திகதி சூரன் போருக்கு நடந்தே போனார்.

மனைவியின் ஈ.எஸ்.ஆர் 24 க்கு இறங்கியிருக்கிறது. எடை 50. காலை விறைப்பு கால் மணி நேரம். வலது கை நடுவிரல் மூட்டில் எக்ஸ்ரேயில் ஒரு சிறு அரிப்புத் தெரிகிறது. அது முன்பே வந்ததா, தாமதத்தால் வந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதிரை நினைவுக்கு வருகிறது.

இனி நான் மாற்றிக்கொள்வது

ஒருவருக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு சொன்னால், அந்தச் சட்டியில் சாப்பிடுகிற மற்றவர்களைப் பற்றியும் கேட்கிறேன். யாருக்கு என்ன நோ, யார் எதை விட்டார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

"எதை விட்டீர்கள்" என்பதோடு "அதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறீர்கள்" என்றும் கேட்கிறேன். பருப்பு போய் நெத்தலி வந்த கதை இந்த வீட்டில் மட்டும் நடந்ததில்லை. குடிக்கிறதைத் தனியாகக் கேட்கிறேன், ஏனென்றால் அதை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. பழைய கொப்பியில் இருக்கிற குளிசையைத் திரும்ப எழுதுமுன் ஒவ்வொன்றும் ஏன் என்று பார்க்கிறேன். அலோபியூரினோல் தொடங்கும்போது, முதல் மாதங்களில் தாக்கம் வரலாம், வந்தாலும் நிறுத்த வேண்டாம் என்று வீட்டார் எல்லாரும் இருக்கும்போது சொல்லி, துண்டிலும் எழுதிக் கொடுக்கிறேன். கவுட் உள்ளவர்களிடம் ஐப்பசி பிறக்கும்போதே விரதத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். றமழானுக்கு முன் நோன்பு பிடிக்கிறவர்களிடமும் அப்படியே.

காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் கை விறைப்பு, இரண்டு கையிலும் வீக்கம் என்று யார் சொன்னாலும், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறேன்.

மனைவி இப்போது தேங்காய்ப்பால் பிழிகிறார், முதல் பால் மட்டும். இரண்டாம் பாலை மகள் பிழிகிறாள். தக்காளியை மூன்று தடவை சோதித்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரவில் தக்காளி சாப்பிட அவருக்கு இன்னும் பயம். நான் வற்புறுத்தவில்லை. பகலில் சாப்பிடுகிறார்.